துப்பாக்கிச் சாவுகளைத் தடுக்க இயலுமா?

ஓர் ஊரில் காலரா கண்டுவிட்டால், அதைக் கொண்டுவந்தவர் யார் என்றே ஊரார் முதலில் கேட்பர். சுகாதார ஊழியரோ எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பார். 1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இவ்வாறு கேட்டே, ஒரு தெருக் குழாயினின்று நோய் பரவியதைக் கண்டறிந்தார். முதற் கேள்வி குற்றம் சாட்டுவதற்கு உதவும். இரண்டாவது கேள்வி அடுத்த சாவைத் தடுப்பதற்கு உதவும்.

துப்பாக்கியால் நேரும் சாவுகளையும் இந்த இரண்டாவது கேள்வியைக் கொண்டு ஆராயலாம் என்னும் கருத்து உலகெங்கும் இப்பொழுது வலுப்பெற்றுள்ளது. வன்முறையானது பொதுச் சுகாதாரத்தைச் சேர்ந்த பெரும் பிரச்சினை என்று உலகச் சுகாதாரப் பேரவை 1996-இல் தீர்மானித்தது. 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பொருள் பற்றிப் பேரறிக்கை ஒன்றையும் வெளியிட்டது. நம் பகுதியில் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே இக்கருத்தை இங்கு விளக்க முற்படுகிறோம்.

சித்தூர் மாவட்டத்தில் இரு நிகழ்ச்சிகள்

2015-ஆம் ஆண்டில், ஏழு மாத இடைவெளியில், சித்தூர் மாவட்டத்தில் இரு பெருந் துயர நிகழ்ச்சிகள் நடந்தன. திருப்பதி அப்பொழுது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமாக அது அமைந்தது 2022 ஏப்ரலில்தான்.

முதலாவது நிகழ்ச்சி சேஷாசல மலைக் காட்டில் நடந்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் விடியற்பொழுதில், சந்திரகிரியை அடுத்த காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். அனைவரும் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கூலிக்குச் சென்றவர்கள். கல்லும் கோடரியும் கொண்டு தங்களைத் தாக்கியதனாலேயே சுட நேர்ந்தது என்று படையினர் கூறினர். இறந்தோருள் சிலர் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்கள் என்று உயிர் தப்பியோர் கூறினர். தேசிய மனித உரிமை ஆணையம் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இதற்கு முன்னர், 2013 டிசம்பரில், அதே மலைக்காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் மரம் வெட்ட வந்தோரால் கொல்லப்பட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது நிகழ்ச்சி சித்தூர் நகரத்தின் நடுவே நடந்தது. 2015 நவம்பர் 17-ஆம் நாள், பட்டப்பகலில், மாநகராட்சி அலுவலகத்தினுள் பர்தா அணிந்து நுழைந்தோர் மேயர் கட்டாரி அனுராதாவைச் சுட்டுக் கொன்றனர். கத்தியால் வெட்டுண்ட அவர் கணவர் மோகனும் அன்றே இறந்தார். குற்றம் சாட்டப்பட்டோருள் முதல்வர் அக்குடும்பத்தின் நெருங்கிய உறவினரே. 2025 அக்டோபரில், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, சித்தூர் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அத்தகைய தண்டனை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பின்னரே நிறைவேறத்தக்கது.

காட்டில் சுட்டது அரசின் துப்பாக்கி. நகரத்தில் சுட்டது தனியாரின் துப்பாக்கி. இவை இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், இரண்டின் பின்னரும் மக்கள் மனம் சென்ற வழி ஏறத்தாழ ஒன்றே.

மக்களின் எதிர்வினை

துப்பாக்கிச் சாவுக்குப் பின் மக்களிடையே தோன்றும் உணர்ச்சிகளை நான்கு படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படி அதிர்ச்சி. இரண்டாவது படி பக்கம் சேர்தல். சேஷாசல நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துப் போக்குவரத்து தடைப்பட்டது. எல்லைக்கு இப்பால் இறந்தோர் ஏழைக் கூலிகளாகக் காணப்பட்டனர். அப்பாலோ அவர்களே காட்டை அழிக்க வந்தவர்களாகவும் காணப்பட்டனர். சித்தூரில் இன்றும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஆயினும் அச்சில நாட்கள் மொழியே கருத்தை முடிவு செய்தது போல் தோன்றிற்று. மேயர் கொலைக்குப் பின்னரோ, எந்தக் கட்சி, எந்தக் குடும்பம், யாருக்கு எவர் மீது பகை என்பதே பேச்சாயிற்று.

மூன்றாவது படி அச்சம். அஞ்சியவர் தாமும் ஓர் ஆயுதம் வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. இதன் விளைவை அமெரிக்க நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012 டிசம்பரில் அந்நாட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதை அடுத்த மாதங்களில் அங்குத் துப்பாக்கி விற்பனை மிகுந்தது. அக்காலத்தில், கை தவறி வெடித்த துப்பாக்கிகளால் வழக்கத்திற்கு மேல் ஏறத்தாழ 60 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள் என்றும் 2017-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. காப்பதற்கென வாங்கிய கருவியே வீட்டாரைக் கொன்றது.

நான்காவது படி மறதி. சில வாரங்களில் பேச்சு ஓய்ந்துவிடும். வழக்கு மட்டும் பல்லாண்டு நடக்கும்.

மறதி வந்து சேருமுன் செயற்பட்ட நாடுகளும் உண்டு. 1996 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாட்களில் அந்நாட்டின் எல்லா மாநில அரசுகளும் மத்திய அரசும் பொது உடன்பாடு ஒன்றுக்கு வந்தன; பின்னர் ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் விலை கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. 2019 மார்ச் 15-இல் நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் நடந்த சுடுதலில் 51 பேர் இறந்தனர். ஒரு மாதம் நிறையுமுன் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. கொலைஞனின் பெயரைத் தாம் உச்சரிக்கப் போவதில்லை என்று அந்நாட்டுப் பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் அறிவித்தார். புகழை நாடுவோனுக்குப் புகழ் கிட்டாமற் செய்வதும் ஒரு தடுப்பு முறையே.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? மக்களின் கொதிப்பு வீணன்று. ஆனால் அது குறுகிய காலமே நிற்பது. அக்காலத்திற்குள் அதனைப் பக்கம் சேர்வதில் செலவிடுகிறோமா, தடுப்பில் செலவிடுகிறோமா என்பதே கேள்வி.

மூன்று காரணங்கள்

மலேரியாவைப் பற்றிப் போதிக்கும்போது நோய்க் கிருமி, அதைச் சுமக்கும் கொசு, கொசு வளரும் நீர்த்தேக்கம், நோய்வாய்ப்படும் மனிதன் என்று பிரித்துச் சொல்கிறோம். எல்லாவற்றையும் ஒருங்கே ஒழிக்க வேண்டுவதில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தாலும் நோய் குறையும். துப்பாக்கிச் சாவிலும் மூன்று கண்ணிகளைக் காணலாம்: மனத்தாங்கல், ஆயுதம், சூழ்நிலை.

மனத்தாங்கல் என்பது பகை, கடன், அவமானம், விரக்தி ஆகியவை. இது மனித இனம் உள்ளவரை இருக்கும். ஆயினும் மனத்தாங்கல் கொண்டவர் அனைவரும் கொலை செய்வதில்லை. கையில் எது அகப்படுகிறது என்பது பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. 1968-இல் பிராங்க்ளின் ஸிம்ரிங் என்னும் அறிஞர் சிக்காகோ நகரத்துத் தாக்குதல்களை ஆராய்ந்தார். கத்தியால் தாக்கப்பட்டோரைவிடத் துப்பாக்கியால் தாக்கப்பட்டோர் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக இறந்தனர் என்று கண்டார். தாக்கியோரின் கோபம் ஐந்து மடங்காக இருந்ததில்லை, கருவியே வேறு.

கருவியை எட்டாமற் செய்தால் மனிதன் வேறு வழி தேடிக்கொள்வான் என்று சிலர் கூறுவர். இதற்கு இலங்கையின் அனுபவம் தக்க மறுமொழியாகும். அங்குப் பூச்சிமருந்து அருந்தித் தற்கொலை செய்துகொள்வது மிகுந்திருந்தது. மிகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் 1980-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-க்குப் பின்வந்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. துயரம் மறைந்துவிடவில்லை, ஆனால் ஒரு கணத்து வெறியில் கைக்கெட்டிய பொருள் முன்போல் உயிரைக் கொல்லவில்லை. கணம் கழிந்தபின் மனம் மாறியவர் பலர். துப்பாக்கிக்கோ அந்த ஒரு கணமே போதும்.

மூன்றாவது கண்ணியாகிய சூழ்நிலைக்குச் சேஷாசலக் காடே எடுத்துக்காட்டு. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்குப் பெருவிலை உண்டு. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் மழை பொய்த்து வேலை இல்லாத மாதங்களில் தரகர் முன்பணத்துடன் வருகிறார். முன்பணம் பெற்றவர் காட்டுக்குச் செல்கிறார். இரவில், இருளில், ஆயுதம் தாங்கியோரும் கோடரி தாங்கியோரும் எதிர்ப்படுகின்றனர். தரகர் அங்கில்லை, விலை பெறுபவரும் அங்கில்லை. குண்டு பாய்ந்த இடத்தை மட்டும் நோக்கினால் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியே தெரியும்.

நாட்டுத் துப்பாக்கி

செய்தித்தாள்களில் பெரிதாக வராத, ஆனால் நம் ஊழியர் அடிக்கடி எதிர்ப்படக்கூடிய ஆயுதம் நாட்டுத் துப்பாக்கியே. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மலையடிவாரச் சிற்றூர்களிலும், எல்லைக்கு இப்பாலுள்ள மலைகளிலும் இது இன்றும் மறைவில் உண்டு. நிலக்கடலைக் காட்டைக் கிளறும் பன்றியை விரட்டவும், இறைச்சிக்காக வேட்டையாடவும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இதன் அமைப்பை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. ஒரு முனை அடைத்த இரும்புக் குழலின் வாய் வழியே கரிமருந்து இடப்படும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்ததே கரிமருந்து. அதன்மேல் துணியோ நாரோ திணித்து, ஈயக் குண்டுகளையோ சைக்கிள் பால்ரஸ் குண்டுகளையோ இட்டுக் கம்பியால் இடிப்பர். விசையை இழுத்தால் சிறு வெடிப்பொறி தோன்றி மருந்து பற்றும். அதிலிருந்து எழும் வாயு குண்டுகளை வெளியே தள்ளும்.

இதன் அபாயங்கள் நான்கு. முதலாவது, மருந்தின் அளவும் குழலின் உறுதியும் கைமதிப்பே. அளவு மிஞ்சினால் குழல் வெடித்துச் சுடுவோரின் கையையும் கண்ணையும் போக்கும். இரண்டாவது, விசை தானே விழாமற் காக்கும் பூட்டு இதில் பெரும்பாலும் இராது. மூன்றாவது, இதனை நிரப்ப நேரம் ஆவதால், விலங்கு வந்தவுடன் சுடுவதற்காக முன்னரே நிரப்பி வைப்பர். நிரப்பியதை எளிதில் வெறுமையாக்கவும் முடியாது. எனவே நிரம்பிய துப்பாக்கி பரண் மேலும் கூரைச் செருகலிலும் நாட்கணக்கில் கிடக்கும். நான்காவது, குழலைவிட்டு வெளிப்பட்ட குண்டுகள் செல்லச் செல்ல விரிந்து பரவும். குறி ஒன்றாயினும் காயம் பலருக்கு நேரலாம்.

இவ்வபாயங்களுடன் இருட்டும் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. புதர் அசைந்தது, பன்றி என்று எண்ணிச் சுட்டேன், கூட வந்தவன் விழுந்தான் என்னும் வாக்குமூலம் இப்பகுதிப் போலீஸ் நிலையங்களுக்குப் புதிதன்று. இங்குப் பகையும் இல்லை, சதியும் இல்லை. எனினும் சாவு சாவே.

சட்டம் கூறுவது

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 முதல் நடைமுறையில் உள்ளது. லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் செய்தலும் குற்றம். 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. பயிர்ப் பாதுகாப்பிற்காக லைசென்ஸ் கோர வழி உண்டு. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணம் முதலிய கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு சுடுவதை இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியது.

லைசென்ஸ் பெற்றவர் இறந்தபின் அத்துப்பாக்கி வீட்டிலேயே கிடப்பதுண்டு. அதனை உடனே அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பல குடும்பத்தினர் அறியார்.

அரசின் துப்பாக்கிக்கும் வரம்பு உண்டு. போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும், சம்பந்தப்பட்ட படையைச் சேராத வேறொரு பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடைபெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் நெறிமுறைகளை வகுத்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் நிலையே, அவசியமின்றிச் சுடுவதைத் தடுக்கும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

முதலாவது, பயிர்ச் சேதத்தைக் கவனிக்க வேண்டும். பன்றி வரும் காட்டிலேதான் துப்பாக்கியும் வரும். சேதத்திற்கு நஷ்டஈடு கோரும் மனுவை எழுத உதவுவதும், வலைவேலி, சூரியசக்தி வேலி, வரப்போரம் நெருக்கமாக ஆமணக்கு விதைத்தல் ஆகிய வழிகளை எடுத்துச் சொல்வதும் துப்பாக்கி ஒழிப்பு வேலையே ஆகும். வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் பாய்ச்சுவதும், பழத்தில் நாட்டு வெடி வைப்பதும் துப்பாக்கியைப் போன்றே மனிதரைக் கொல்வன என்பதையும் உடன் கூற வேண்டும்.

இரண்டாவது, ஒப்படைப்புக்கு வழி செய்தல். தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில், தாமே முன்வந்து நாட்டுத் துப்பாக்கியைக் கொடுப்போர் மீது வழக்கு இல்லை என்று போலீசார் அறிவித்தபோது, மக்கள் அவற்றைக் கொண்டுவந்து பொது இடங்களில் வைத்துச் சென்றதுண்டு. ஊர்ப் பெரியவர்களும் ஊழியரும் இடைநின்று நம்பிக்கை அளித்தால் இது பலிக்கும். ஆனால் போலீசார் தராத வாக்குறுதியை ஊழியர் தாமாகத் தரலாகாது. நிரம்பிய துப்பாக்கியைத் தாமே கையாளவும் கூடாது.

மூன்றாவது, காயமுற்றவரைக் காத்தல். வழக்குக்கு அஞ்சிக் காயத்தை மறைப்பதாலேயே பிழைக்க வேண்டிய பலர் இறக்கின்றனர். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். குண்டைத் தோண்டி எடுக்க முயலலாகாது. 108-க்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் நடவடிக்கைக்குக் காத்திராமல் மருத்துவர் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இதனைச் சிற்றூர்களில் பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

வகுப்பிலிருந்து திடீரென நின்றுவிட்ட பையன் எங்குச் சென்றான் என்பதை முதலில் அறிபவர் ஆசிரியர். மலையூர்களில் அவன் தந்தையோ தமையனோ தரகரிடம் முன்பணம் பெற்றிருக்கலாம். அச்செய்தியை வட்டார அலுவலர்களிடம் காலத்தே சேர்த்து, வேலை உறுதித் திட்டம் போன்ற உதவி அக்குடும்பத்திற்குக் கிட்டச் செய்தால், ஓர் இரவுப் பயணம் நின்றுவிடலாம்.

வீட்டில் துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அவ்விடத்தை விட்டு வா, பெரியவரிடம் சொல் என்னும் மூன்று வாக்கியங்களைச் சிறுவர்க்குக் கற்பிக்கலாம். பிள்ளைகளின் சொல் மட்டும் காவலாகாது. ஆயுதத்தை அகற்றுவதே காவல். மனமுடைந்து, தன்னையோ பிறரையோ மாய்க்கப் போவதாகப் பேசும் மாணவனின் சொல்லை விளையாட்டாகக் கருதலாகாது. அவ்வீட்டில் ஆயுதமோ பூச்சிமருந்தோ இருப்பின் அதை அப்புறப்படுத்தச் செய்வதும், 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை பெறச் செய்வதும் உடனடிக் கடமைகளாகும்.

பெரியதொரு சாவு நிகழ்ந்த மறுநாள், மாணவர்கள் வீட்டில் கேட்ட பேச்சுடன் வகுப்புக்கு வருவார்கள். யார் பக்கம் நியாயம் என்னும் விவாதத்தை அன்று வளர்க்க வேண்டுவதில்லை. அந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது, யார் யார் அதனை முன்னரே அறிந்திருந்தனர், எந்த இடத்தில் இதனை நிறுத்தியிருக்கலாம் என்று கேட்கச் செய்யலாம்.

முடிவுரை

சேஷாசலத்தில் 20 குடும்பங்களும் சித்தூரில் ஒரு குடும்பமும் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. நீதி வழங்குவது நீதிமன்றத்தின் பணி. அது பத்தாண்டுகள் கழித்தும் வரலாம். தடுப்பதோ அப்படிக் காத்திருக்க இயலாத பணி. பரண் மேல் நிரம்பிய குழல் ஒன்று கிடக்கும்போது, தரகரின் முன்பணம் ஒரு வீட்டுக்கு வரும்போது, இரு பங்காளிகளின் பகை ஊரறியப் பேசப்படும்போது அங்கு நீதிபதி இல்லை. கிராம ஊழியரும் பள்ளி ஆசிரியருமே இருக்கின்றனர். காலராவுக்குக் கிணற்றைத் தேடிச் சென்றது போல இதற்கும் மூலத்தைத் தேடிச் செல்வார்களாயின், துப்பாக்கிச் சாவுகள் பலவற்றைத் தடுக்க இயலும் என்பதில் ஐயமில்லை.